ஆறு ரன் பாக்கி இருக்கும்போது

என் அன்புப் பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல அடுத்த வரியை எழுதப்போய்ப் பேனா அப்படியே நின்றுவிட்டது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே, அப்பா கண் முழித்திருக்கிறார், பேசுகிறார், நர்ஸிடம் வம்பு வளர்க்கிறார். ஆனால் வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நானும் அவருடைய அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். என் குரலைக் கேட்ட மாத்திரத்தில் பாதியை நீயே கண்டுபிடித்துவிடுவாய், மீதியைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதோடு உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று அவருடைய உத்தரவு வேறு. எழுதி முடித்ததும் உன் தங்கை பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். அப்பா ஏன் மூன்று நாளாகப் பேசவில்லை என்று நீ கேட்டதற்கு, மேட்ச்சில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது என்று அவள் பதில் போட்டாளே, அது பொய். அவளைத் திட்டாதே, சொல்லிக்கொடுத்தவள் நான். அதற்காக நீ அடித்துப் பிடித்துக்கொண்டு புறப்பட்டு வரவேண்டாம், உன் வேலையைப் பார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. நீ டிக்கெட் அனுப்பிய நாளிலிருந்தே அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெளிநாட்டு அணி நம் ஊர் மைதானத்துக்கே வருகிறது, அதை நேரில் பார்க்கப் போகிறோம் என்று, லிப்ட் ரிப்பேருக்குப் போன கட்டடமெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு தவித்த ஒரு வக்கீலிடம்கூட, கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே, ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டாலும் வர மாட்டேன், மைதானத்தில் இருப்பேன் என்றாராம். காலையில் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டோம். மைதான வாசலில் சோதனை போட்டவர்கள் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டார்கள். அப்பா பிரஷர் மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலேயே விழுங்கினார். நம் இடம் மேல் அடுக்கில், தொண்ணூற்றிரண்டு படி, எண்ணிக்கொண்டே ஏறினேன். நடுவில் இரண்டு தடவை நின்றார். ஊருக்கெல்லாம் லிப்டை ஓடவைத்துவிட்டு நீங்கள் படி ஏறுகிறீர்களே என்று கேலி செய்தேன். அப்போதாவது அவர் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்க வேண்டும், மைதானத்தின் பச்சையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். டிவியில் பார்க்கிற பச்சை வேறு, அது வேறு கண்ணா.

நம் வீட்டுச் சட்டம் உனக்கு நினைவிருக்கும், போட்டவனே நீதானே. ஆட்டம் நன்றாகப் போகும்போது யார் எங்கே எப்படி இருக்கிறார்களோ அப்படியே இருக்க வேண்டும், அசைந்தால் விக்கெட் போய்விடும். உனக்கு ஒன்பது வயதில், எழுந்தால் விக்கெட் விழுந்துவிடும் என்று பயந்து நிஜாரை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கு ஜெயித்தோம், அப்பா உன்னை அந்த ஈரத்தோடு தூக்கிக்கொண்டு கூடம் முழுக்க ஆடினார். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறேன், அடுப்பில் பால் தீய்ந்து வாடை வந்தும் நீங்கள் இரண்டு பேரும் என்னை நகர விடவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்து ரசாயன ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருஷம் உதவியாளராக இருந்தவள், கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவேன் என்று பெருமை வேறு. அந்தப் பெருமை ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சந்தி சிரித்தது.

நம்மவர்கள் இரண்டாவதாக ஆடினார்கள். முதலில் நன்றாகத்தான் போனது, அப்புறம் மளமளவென்று சரிந்தது. ஏழு விக்கெட் போயிருந்தபோது நான் பாத்ரூம் போகலாமென்று எழுந்தேன், இரண்டு படி இறங்கவில்லை, எட்டாவது விழுந்தது. வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்பாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பி.டி. மாஸ்டர் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் விசில், காலையிலிருந்து ஒவ்வொரு பவுண்டரிக்கும் ஊதிக்கொண்டிருந்தவர். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இனிமே எழுந்திரிக்காதீங்க" என்றார். சுற்றி எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். அந்த நேரத்தில்தான் உன் மெசேஜ் வந்தது, ரெண்டு பேரும் இருக்கிற இடத்திலேயே இருங்க, அசையாதீங்க என்று. அதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எட்டு ஓவர் இருந்தது, ஐம்பத்திரண்டு ரன் வேண்டும், கைவசம் இரண்டே விக்கெட். யாருக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த இரண்டு பையன்களும் ஒன்றும் இரண்டுமாக எடுக்க ஆரம்பித்தார்கள், நடுவில் ஒரு சிக்ஸர், மைதானமே எழுந்து நின்றது, எங்கள் வரிசை மட்டும் உட்கார்ந்தே கத்தியது.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்கு வியர்க்க ஆரம்பித்தது எனக்குத் தெரியும். வெயில் அப்போது எதிர்ப்பக்க அடுக்குக்குப் போய்விட்டது, எங்கள் பக்கம் நிழல், காற்றுகூட வந்தது. அவர் இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். என்ன என்று கேட்டேன், "வெயிலுடி, ஒண்ணுமில்ல, ஆட்டத்தப் பாரு" என்றார். கைக்குட்டை கீழே விழுந்தது, குனிந்து எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைக் குழாயில் நிறம் லேசாக மாறினாலே கண்டுபிடித்துவிடுகிற எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற புருஷன் முகம் சாம்பலாகப் போவது தெரியாமல் இருக்குமா. தெரிந்தது கண்ணா. தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். இந்த ஓவர் முடியட்டும் என்று நினைத்தேன், அடுத்த ஓவரிலும் அதையே நினைத்தேன். எழுந்தால் விக்கெட் விழும், இத்தனை பேரும் என்னைத்தான் ஏசுவார்கள், நீயும் அங்கே உட்கார்ந்துகொண்டு அம்மா அசைந்துவிட்டாள் என்பாய், அப்பா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார், இதெல்லாம்தான் மனதில் ஓடியது. நம்பாத சட்டத்துக்கு நம்புகிறவர்களைவிட நன்றாகக் கீழ்ப்படிந்தேன்.

ஆறு ரன் பாக்கி, ஒன்பது பந்து இருந்தது. அப்பா என் கையைப் பிடித்தார். சந்தோஷத்தில் பிடிக்கிறார் என்று திரும்பினால் பார்வை ஆட்டத்தில் இல்லை, எங்கேயோ இருந்தது, கை சில்லிட்டுப் போயிருந்தது. எழுந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரே கூச்சல், உட்காருங்க, உட்காருங்க என்று. அப்பாவே "உக்காரு, ஒம்பது பந்துதானே" என்றார். மாஸ்டரும் கோபமாகத்தான் திரும்பினார், அப்பா முகத்தைப் பார்த்ததும் அவர் குரலே மாறிவிட்டது. விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதி, பிள்ளைகளை அதட்டுகிற மாதிரி "வழி விடு, வழி விடு" என்று ஒரு சத்தம் போட்டார் பார், வரிசையே இரண்டாகப் பிளந்தது. அப்பாவின் தோளைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தொண்ணூற்றிரண்டு படியும் இறங்கினார். பாதிப் படியில் மேலே ஒரு சத்தம் எழும்பியது, கட்டடமே அதிர்ந்தது. அப்பா அந்த நிலையிலும் நின்று, "நாலா, அவுட்டா?" என்றார். "எதுவா இருந்தாலும் இருக்கட்டும், இறங்குங்க சார்" என்றார் மாஸ்டர். அவரும் காசு கொடுத்து வந்த ரசிகர்தான், காலையிலிருந்து காத்திருந்தவர்தான், கடைசிவரை ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸில் என் போன் மின்னியது, நீதான். ஜெயிச்சாச்சு அம்மா, நீங்க ரெண்டு பேரும் அசையாம இருந்ததாலதான் என்று போட்டிருந்தாய். நாங்கள் அசைந்த பிறகுதான் ஜெயித்தோம் கண்ணா. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன். டிக்கெட் அனுப்பியது உன் பிரியம், மெசேஜ் போட்டது உன் விளையாட்டு, இரண்டிலும் உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஒரு ரத்தக் குழாயில் அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் என்கிற ஸ்பிரிங் வைத்துவிட்டார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண், கோபக்காரி, ஆனால் நல்லவள். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள், சொன்னேன். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இதயத் தசை இவ்வளவு கெட்டிருக்காது என்றாள். அந்த அரை மணி எது என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நாற்பத்தாறு ரன். இன்னும் இரண்டு இடத்தில் அடைப்பு இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை காலை மறுபடி பார்த்துவிட்டு, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டுமா என்று சொல்வார்களாம். அப்பாவின் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறேன், பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர்கள் நான் போகிறேன் என்று நினைத்துக் காலை மடக்கிக்கொள்கிறார்கள்.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. உன் தங்கை லீவு போட்டுவிட்டு இரண்டு இடத்துக்கும் அலைகிறாள், பாவம், இளைத்துவிட்டாள். மாஸ்டர் நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனார், விசில் இல்லாமல் ஆளே வேறு மாதிரி இருந்தார். நீயும் அங்கே நெஞ்சைக் கரிக்கிறது, வெறும் வாயு என்று மாத்திரை போட்டுக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்காதே. போன மாசம் அப்படி ஒருதடவை சொன்னாய், நான் மறக்கவில்லை. போய் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார், அப்பன் உடம்பு பிள்ளைக்கும் வரும் என்று டாக்டரே சொன்னாள். யார் என்ன நினைத்தாலும் எழுந்து போ.

அப்பாவிடம் ஜெயித்துவிட்டோம் என்று சொன்னேன். "அப்ப இத்தன வருஷமும் சும்மாவா உக்காந்திருந்தோம்?" என்றார். சிரித்தார், சிரித்தால் வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டார். கடைசி ஆறு ரன் எப்படி வந்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்று காலை உன் தங்கை போனில் காட்டப்போனாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அது பெரியவன் சொல்லட்டும், அவன் சொன்னாத்தான் பாத்த மாதிரி இருக்கும்" என்றார். அவனுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று சொல்வதும் அதே வாய்தான்.

அதனால் முதல் பக்கத்தில் நீ வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடு. அது அப்பாவும் அக்கம்பக்கமும் என்ன சொல்வார்களோ என்று எழுதியது. ஒருதடவை அப்படி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன், இன்னொரு தடவை உட்கார மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, நீ வேண்டும். வெள்ளிக்கிழமை காலைக்குள் வந்து சேர். உனக்கு ஒரு குறையும் வராமல், நோய் நொடி இல்லாமல், நூறு வயசு இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உன் தலைமேல் உண்டு. மறக்காமல் குளிருக்குச் சட்டை எடுத்துக்கொள், ஆஸ்பத்திரியில் ஏசி அதிகம். வழியில் அந்தக் கடைசி ஒன்பது பந்தையும் ஒன்று விடாமல் ஞாபகப்படுத்திக்கொண்டே வா, அவர் கேட்பதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா