கடைப் பைகளில் ஒரு பந்தல்

26.10.92 திங்கள்

காலையிலிருந்து மழை மப்பு. வெள்ளிக்கிழமை வதனியின் கலியாணம். என் தங்கை புனிதத்தின் ஒரே மகள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை, லீவு குறைவு, நாளைத் தள்ள இயலாது. பொருளாதாரத் தடையால் தறப்பாள் யாழ்ப்பாணப் பக்கம் வருவதில்லை. தென்னோலைக் கிடுகெல்லாம் இடம்பெயர்ந்து வந்தவர்களின் கொட்டில்களுக்கு. அவை அங்கே போகத்தான் வேண்டும். பழைய பிளாஸ்ரிக் சொப்பிங் பைகளை ஒட்டிப் பந்தலுக்குக் கூரை போடலாம் என்பது வதனியின் யோசனை. எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் வீடு வீடாகக் கேட்டாயிற்று. ஒருவரும் பை எறிவதில்லை. மெத்தைக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, மடித்தபடி.

27 செவ்வாய்

பைகளை வெட்டி விரித்து, மூன்று படையாக அடுக்கி, மேலும் கீழும் பேப்பர் வைத்து, கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தல். சூடு கூடினால் சுருங்குகிறது, குறைந்தால் ஒட்டாது. பின்னேரம் கை பழகியது. தணல் தெறித்து ஒரு ஓட்டை. ஒட்டுப் போட்டேன்.

புனிதம்: "கூறைச் சேலை எடுத்த கடைப் பையை நடுவிலை போடு, அக்கா. மணவறைக்கு நேரை வரட்டும்."

வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டும் இறங்கவில்லை. கொஞ்சம் பெருமைதான்.

தலைவலி. சீனி முடிந்தது.

29 வியாழன்

பந்தல் ஏறிவிட்டது. ஐயர் இடம் பார்க்க வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"ஓமம் எங்கை வளக்கிறது?"

"இதிலைதான் ஐயா, மணவறைக்கு முன்னாலை."

"நெய் விட்டாச் சுவாலை எழும்பும். உந்தப் பிளாஸ்ரிக் உருகிப் பொம்பிளை மாப்பிள்ளையின்ரை தலையிலை விழும். ரசாயனம் படிப்பிச்ச ரீச்சர் வீடு எண்டல்லோ சொன்னவை!"

மழையை மட்டுமே நினைத்திருக்கிறேன். கூறைக் கடைப் பை இருந்த நடுத் துண்டைத்தான் வெட்ட வேண்டியிருந்தது. அந்த இடத்துக்குத் தகரம். கிடைத்தது கிணற்றடி மறைப்பு மட்டும்.

புனிதம் அழுகை. "குளிக்கிற மறைப்புக்குக் கீழையோ என்ரை பிள்ளைக்குத் தாலி?"

வதனி: "கழுவினாச் சரி, அம்மா. முதல்லை மூக்கைத் துடையுங்கோ."

30 வெள்ளி

ஓமம் வளர்த்த நேரம் பார்த்து மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் மந்திரம் கேட்கவில்லை. ஐயர் எழுந்து நின்று கையை ஆட்டித்தான் கெட்டிமேளம் கேட்டார். பந்தல் ஒரு மூலையில் தொந்தி போட்டது. உலக்கையால் தள்ளி நீரை வெளியேற்றினோம். ஒருவரும் நனையவில்லை.

மாப்பிள்ளையின் தாய் மேலே பார்த்தபடி: "யாழ்ப்பாணத்துக் கடையெல்லாம் இருக்கு. நாங்கள் கூறை எடுத்த கடையைத்தான் காணேல்லை."

நான் உலக்கையோடு அடுத்த மூலைக்குப் போனேன்.

31 சனி

வெயில். நாலாம் நாள் செய்கிற நாலாம் சடங்கையும் இன்றே செய்து முடித்தாயிற்று. தரைப்பாதை பூட்டு; இருட்டியதும் வதனியும் மாப்பிள்ளையும் கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போகிறார்கள். படகுக்குள் தண்ணீர் அடிக்குமாம், சாமான் நனையுமாம். எல்லோரும் அதைத்தான் கதைக்கிறார்கள். கடலில் நேவியின் துவக்குச் சூடு விழுவதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

வெட்டி வைத்த நடுத் துண்டைத் தேடி எடுத்தேன். கூறைச் சேலையை அதற்குள் மடித்து வைத்து, விளிம்புகளை ஸ்திரிக்கைப் பெட்டியால் ஒட்டினேன். நாலு பக்கமும்.

"முழுக்க ஒட்டிப்போட்டியள். இனி எப்பிடித் திறக்கிறது, பெரியம்மா?"

"கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து வெட்டு."