நிலாப் பாறையில் முடுக்கிய ரெக்கார்டு மெஷின்

மார்ச் 4, காலை 9:10. வடக்கு நிலையம், நிலா

மக்களே, நிலாவின் முதல் இசைத்தட்டு ரெக்கார்டு வெட்டும் மெஷின் ஓடிவிட்டது, கட்டியது நம் ரெக்கார்டுக் குழுவின் ஆம்பூர் அஃப்ரின், அதாவது நான்!!! பழைய காற்றாடி மோட்டார் தட்டைச் சுழற்றுகிறது. பிரிண்டரில் கழற்றிய திருகுத் தண்டு ஊசியை விளிம்பிலிருந்து நடுவுக்கு நகர்த்துகிறது. ஊசி, உடைந்த டிரில் முனையின் வைரத் துணுக்கு. வினைலுக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா மூடி.

இங்கே இருப்பது நானும், வெளியே பாறை துளைக்கும் தூத்துக்குடி டெல்பின் அக்காவும்தான். ரேடியோவில் கலாய்த்தார்: "ஏட்டி, அந்தத் தோசக்கல்லு எப்பட்டி பாடும்?"

பாடியது!

மார்ச் 5, காலை 11:30

பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல். மேசை ஆடுகிறது. அடித்தளம் கனமாக இருக்க வேண்டும் என்று குழுவில் எல்லோரும் சொன்னீர்கள். நிலாவில் எதுவுமே கனமில்லை. அதனால் தரைத்தகட்டைப் பெயர்த்து, மெஷினை நேராகப் பாறையில் போல்ட் போட்டு முடுக்கினேன். பிறகு வெற்று வெட்டு: ஒலி எதுவும் கொடுக்காமல் ஊசியை ஓடவிட்டு, வெட்டியதைப் போட்டுக் கேட்பது. வெறும் இரைச்சல் என்றால் மெஷின் சுத்தம்.

கேட்டது தட்டல். நிதானமாக, மூன்று மூன்றாக.

அக்காவின் டிரில்தான் என்று நினைத்தேன். கேட்டால், "டிரில்லத் தொடவே இல்லட்டி. வண்டிக்குள்ள உக்காந்து சோறு தின்னுட்டிருக்கேன்."

மார்ச் 5, மதியம் 2:05

தப்பு செய்துவிட்டேன். தெளிவாகக் கேட்பதற்காக ஸ்பீக்கரை மெஷின் மேலேயே வைத்து, முழுச் சத்தத்தில் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். மெஷின் பாறையோடு பாறையாக இருப்பதை யோசிக்கவே இல்லை. தட்டல் அப்படியே கீழே இறங்கியிருக்கிறது.

அடுத்த வெற்று வெட்டில் தட்டல் வேகமாகியிருந்தது. அதற்கடுத்ததில் ஊசி துள்ளி மூடியையே கிழித்துவிட்டது.

மார்ச் 5, மாலை 4:40

ரேடியோவில் அக்கா: "அஃப்ரின், இங்க தரை பொளந்துட்டு. டிரில்லு உள்ள போயிட்டு. வண்டிய எடுத்தா தரைக்கடியில என்னமோ பின்னாலயே வருது. நிப்பாட்டினா அதுவும் நிக்கு."

சக்கரத்தின் அதிர்வைத்தான் தொடர்கிறது. வண்டியில் மிச்சமிருக்கும் காற்று தெற்கு நிலையம் போய்ச் சேர மட்டுமே போதும். காத்திருக்க முடியாது.

"அக்கா, நான் இங்கேர்ந்து சத்தம் போடுறேன். அது இந்தப் பக்கம் திரும்பினதும் தெற்கே ஓட்டிடுங்க. நிக்கவே நிக்காதீங்க."

"ஒனக்கென்ன பைத்தியமாட்டி?"

முதல் மூடியில் வெட்டிய தட்டலை முழுச் சத்தத்தில் போட்டேன்.

"திரும்பிட்டு... அஃப்ரின், அது ஒன்னையப் பாத்து வருது. நிறுத்துட்டி! ஏட்டி!"

நிறுத்தவில்லை.

மார்ச் 5, மாலை 5:25

அக்கா மேட்டைத் தாண்டிவிட்டார். இனி ரேடியோ எட்டாது; பூமிக்கு வரும் இந்த இணைப்பு மட்டும்தான் மிச்சம். சுவரில் விரிசல். காற்று சீறி வெளியேறுகிறது. விண்வெளி உடையில் இருக்கிறேன். ஒரு கையால் ஊசியை அழுத்திப் பிடித்தபடி, கையுறை விரலால் தட்டச்சு செய்கிறேன். மெஷின் ஆடவில்லை. பாறைதான் ஆடுகிறது.

மக்களே, பகிருங்கள். தெற்கு நிலையத்தில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உடனே கூப்பிடுங்கள். கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். பாறையில் எதையும் முடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அக்கா வந்து சேர்ந்ததும் இங்கே ஒரே ஒரு வரி போடுங்கள். அதைப் பார்க்கும்வரை ஊசியை எடுக்க மாட்டேன். சீக்கிரம் போடுங்கள். தரை எழும்