பூஜ்யம் வைத்த நேரம்

ஜனவரி 22

அதிகாலை ஐந்தரை. பாலத்தில் வண்டி எதுவும் இல்லை. மைனஸ் 58.

ஜேடர்பாளையம் போகும் இந்த வாய்க்கால் பாலத்தின் காங்கிரீட்டுக்குள், கம்பிகளோடு சேர்த்து முடி போன்ற கண்ணாடி இழையைக் கட்டியிருக்கிறோம். கம்பி நீண்டால், இழையோடு இணைத்த அளவுப் பெட்டியில் எண் ஏறும், சுருங்கினால் இறங்கும். டிசம்பரில் திறப்பு விழாவன்று பூஜ்யம் வைத்ததே நான்தான். மைனஸ் என்றால் பனியில் கம்பி சுருங்கியிருக்கிறது. நானும்தான்.

மார்ச் 19

மைனஸ் 31. வெயில் ஏறுகிறது, எண்ணும் ஏறுகிறது.

மே 27

மைனஸ் 9. இன்ஜினியர் மதியழகன் சாருக்குத் தினமும் அனுப்புகிறேன். தினமும் கட்டைவிரல் படம் வருகிறது. படித்துவிட்டுத்தான் அனுப்புகிறாரா?

ஜூலை 24

பத்து நாளாகக் குளிர்ந்த காற்று. எண் இறங்க வேண்டும் — இறங்கவில்லை. இன்று பூஜ்யம். சாருக்குச் சந்தோஷம். "பூஜ்யத்துக்கே வந்துருச்சுங்களே நாஸியா, அப்புறம் என்னங்க?"

குளிரிலும் கம்பி நீள்கிறதே, ஏன்?

ஆகஸ்ட் 1

பெட்டியின் பேட்டரிக்குச் சார்ஜ் போடத் திருச்செங்கோட்டில், போர்வெல் லாரி ஓட்டும் காளிதாஸ் அண்ணனின் ரிக் ஷெட்டுக்குப் போனேன். சுவரில் திறப்பு விழாப் போட்டோ. பாலத்தின் நடுவே மாலை போட்ட இரண்டு போர்வெல் ரிக் லாரிகள்.

"நம்ம வண்டிதானுங்க மொதல்ல ஏறுச்சு. பூசை முடியற வரைக்கும் நடுவாலயே நின்னுச்சுங்க."

போட்டோவின் மூலையில் பெட்டி மேல் குனிந்திருப்பது நான். நல்ல நேரம் முடிவதற்குள் பூஜ்யம் வைக்கச் சொன்னார் சார். வைத்தேன். அறுபது டன் பாரம் மேலே நிற்கும்போது வைத்தேன்.

அப்படியென்றால் லாரிகள் இறங்கிய வெறும் பாலத்தின் சரியான எண்ணே மைனஸ் 58, பனியால் வந்ததல்ல. இப்போது பூஜ்யம் என்றால் — வெறும் பாலத்திலேயே அந்த இரண்டு லாரிகளும் நிற்கிற மாதிரி கம்பி நீண்டு கிடக்கிறது. யா அல்லா, எட்டு மாசமா நான் என்னத்தப் பார்த்தேன்?

நாளை மறுநாள் ஆடிப் பதினெட்டு. அணைக்கட்டுக்குப் போகிற கூட்டம் முழுக்க இதன் மேல்தான்.

ஆகஸ்ட் 2

சாரிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"பூஜ்யம் காட்டற பாலத்த மூடச் சொல்றீங்களா? அதுவும் நோம்பியன்னைக்கு? எழுதிக் குடுங்க, திங்கக்கெழம பாத்துக்கலாம்."

எழுதிக் கொடுத்தேன். வேலை போகும். போகட்டும். திங்கட்கிழமை வரை பாலம் இருக்குமா?

காளிதாஸ் அண்ணனுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். "எங்க வண்டியாலதான் இப்படி ஆச்சுங்களா?"

"இல்லீங்கண்ணா. என்னால."

அப்புறம், "வண்டிய எங்க நிறுத்தோணும், சொல்லுங்க."

ஆகஸ்ட் 3

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ரிக், அந்தப் பக்கம் ஒரு ரிக். ரோட்டை அடைத்துக் குறுக்கே. புதுத்துணி, கட்டுச்சோறு, குழந்தைகளோடு வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள். சார் எட்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

11.20. பாலத்தில் ஒரு சைக்கிள்கூட இல்லை. பிளஸ் 44.

11.50. பிளஸ் 90.

12.05. எண் வரவில்லை. இழை அறுந்துவிட்டது.

கீழே வாய்க்காலில் காங்கிரீட் பெயர்ந்து விழுகிற சத்தம். திட்டிக்கொண்டிருந்தவர்கள் தாங்களாகவே பின்னால் நகர்ந்தார்கள்.