பன்னிரண்டு கட்டங்கள்

மார்ச் 4, செவ்வாய்

பாத்ரூமில் இரண்டாவது கைப்பிடிக் கம்பியும் மாட்டியாயிற்று. தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மாட்ட வந்தவர் கேட்டார். அளவு நாடாவைக்கூட எடுக்காமல் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக முதியோர் இல்லங்களில் கம்பியின் உயரத்தையும் கதவின் அகலத்தையும் அளந்துகொண்டு திரிகிற ஆய்வாளருக்கு இதுகூடத் தெரியாதா என்ன?

போன மாதம் நான் ஆபீசில் இருந்தபோது அப்பா இந்தப் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் உடையவில்லை. நான் வரும்வரை இரண்டு மணி நேரம் ஈரத் தரையில், சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருக்கிறார். கதவைத் திறந்ததும், "வா பாப்பா, வெளியில மழையா?" என்று கேட்டார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னும் பாப்பா.

அன்றிலிருந்து தங்கை தினமும் போன் செய்கிறாள். "அக்கா, வீட்ல நீங்க ரெண்டே பேர். நீ வேலைக்குப் போயிட்டா அவர் தனி. நல்ல இல்லம் எதுன்னு உன்னை விட யாருக்குத் தெரியும்? சேர்த்துடலாம்க்கா."

தெரியும். தெரிந்ததால்தான் மாட்டேன் என்கிறேன். நான் பார்க்காத இல்லமா? முதுகுப் புண்ணை மறைக்கப் புதுப் போர்வை போட்டதைப் பார்த்திருக்கிறேன். கொடுக்காத மாத்திரைக்குக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அப்பா என் வீட்டில்தான் இருப்பார். இதில் பேச ஒன்றுமில்லை.

மார்ச் 5, புதன்

வழுக்காத பாய், தானாக அணையும் அடுப்பு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அழைப்பு மணி. எல்லாம் வந்துவிட்டது.

"வீட்ல எதைத் தொட்டாலும் கத்துது பாப்பா. திருடன் வந்தா பாவம், பயந்துடுவான்" என்றார் அப்பா.

மார்ச் 11, செவ்வாய்

இன்று மஞ்சள் கட்டடம். பெரிய பெயர் ஒன்று பலகையில் இருக்கிறது, ஆனால் ஆபீசில் எல்லோரும் மஞ்சள் கட்டடம் என்றுதான் சொல்வோம். இருபத்தொரு பேர் இருக்கிறார்கள். கோப்புகள் சுத்தம். சமையலறை சுத்தம். மேல்மாடி பாத்ரூமில் மட்டும் வெந்நீர் நாற்பத்தேழு டிகிரி. நாற்பத்துமூன்றைத் தாண்டக் கூடாது. வயதானவர்களின் தோல் மெல்லியது, சட்டென்று சுட்டுவிடும். குறித்துக்கொண்டேன்.

எங்கள் வேலையில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருகிற வேலை ஒன்று உண்டு. பொதுக்கூடத்தின் மூலையில் ஒரு நாற்காலி. கையில் ஒரு தாள், அதில் பன்னிரண்டு கட்டங்கள். யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் வீதம் நிரப்ப வேண்டும். அவரிடம் யார் வந்தார்கள், யார் பேசினார்கள், முகம் எப்படி இருந்தது. யாரும் பேசாவிட்டால் ஒரு கோடு. நாமும் வாயைத் திறக்கக் கூடாது.

மூன்று மணிக்கு ஆரம்பித்தேன். சாப்பிட்டு முடித்து எல்லாரும் கண்ணயர்கிற நேரம். ஜன்னல் திரை உப்பும், அடங்கும். வெயில் தரையில் நகர்ந்து வந்து ஒரு நாற்காலிக் காலை எட்ட இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. யாரோ தூக்கத்தில் ஒரு பாட்டின் நடுவரியைப் பாடிவிட்டு மறுபடி தூங்கிப்போனார்கள். நான் விழித்திருக்கிறேனா என்பதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஜன்னலோரம் தனியாக ஒரு அம்மாள். இங்கே அவரை எல்லாரும் டீச்சர் என்கிறார்கள். அவரைத்தான் எடுத்தேன். முதல் கட்டம் கோடு. இரண்டாவது கோடு. வேலையாட்கள் மற்றவர்களிடம் குனிந்து குனிந்து பேசுகிறார்கள், இவரை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறார்கள். பன்னிரண்டும் கோடு! எனக்கு மூக்கு விடைத்துவிட்டது. பிடித்தேன் பார், இதுதான் இந்த வீட்டின் லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு அவரிடமே போய்க் கேட்டேன். "ஒரு மணி நேரமா உங்க பக்கத்துல யாருமே வரலையேம்மா?"

"வந்திருந்தா விட்டிருப்பேனா?" என்றார். "மூணுலேருந்து நாலு வரைக்கும் யாரும் என்கிட்ட வரக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். பள்ளிக்கூடத்துல நாப்பது வருஷம் சத்தம். வீட்ல ஆறு பிள்ளைங்க சத்தம். இப்பத்தான் ஒரு மணி நேரம் எனக்குன்னு கெடைச்சிருக்கு. இன்னைக்கு அதுலயும் நீ வந்து உக்காந்து முறைச்சு முறைச்சுப் பாக்குறே."

அசடு வழிந்தபடி வெளியே வந்தேன்.

மார்ச் 12, புதன்

டீச்சர் கதையை அப்பாவிடம் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று?

பிறகு கேள்வி மேல் கேள்வி. எத்தனை பேர்? எல்லாரும் ஒரே மேசையிலா சாப்பிடுகிறார்கள்? சாப்பிடும்போது பேச விடுவார்களா? சீட்டு ஆடுவார்களா? ரிப்போர்ட் எழுத வேண்டும் அப்பா, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

எப்படி எழுதுவது இதை?

மத்தியானம் மேசையில் ஒரு வெற்றுத் தாள் கிடந்தது. பன்னிரண்டு கட்டம். விளையாட்டாகத்தான் எடுத்தேன். அப்பா சாய்வு நாற்காலியில், நான் என் மேசையில். ஒரே அறை, நடுவில் ஆறு அடி. மூன்று மணி.

கோடு. கோடு. அப்பா செய்தித்தாளின் அதே பக்கத்தை மறுபடி பிரித்தார். கோடு. எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே ஒரு பஸ் போனது, அது வளைவில் திரும்பும்வரை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கோடு. வீடு முழுக்க மங்கலான மஞ்சள் வெளிச்சம். ஏதோ ஆழமான தண்ணீருக்கடியில் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலிருந்தது. எட்டாவது கட்டத்தில் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார். என் கையில் பேனா இருந்தது. வேலையாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பார், திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அதையும் கோடு என்றுதான் போட்டேன். வேறு என்ன போடுவது?

நான்கு மணிக்குக் கேட்டேன். கேட்டுத்தானே ஆக வேண்டும், டீச்சரிடம் கேட்டேன் இல்லையா. "அப்பா, ஒரு மணி நேரமா உங்ககிட்ட யாரும் பேசலையே."

"நீ வேலையா இருந்தே."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல நீ இருக்க மாட்டே." குறையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்றால் மணி சொல்வதுபோலச் சொன்னார். "எல்லாம் பத்திரமா இருக்கு பாப்பா. ஒரு குறையும் கிடையாது. ஆனா நான் முப்பத்தோரு வருஷம் பஸ்ல கண்டக்டரா நின்னவன். ஒரு நாளைக்கு எண்ணூறு பேரை எங்க போறீங்க, எங்க போறீங்கன்னு கேட்டவன். இப்ப நான் எங்கயும் போறதில்ல. கேக்கவும் ஆளில்ல." பிறகு, "அந்த மஞ்சள் கட்டடத்துல இடம் இருக்கான்னு கேட்டுப் பாரேன்" என்றார்.

கத்திவிட்டேன். நான் என்ன குறை வச்சேன், உங்களுக்காக என்னெல்லாம் பண்ணினேன், அங்கல்லாம் என்ன நடக்கும்னு தெரியுமா உங்களுக்கு... ஐயோ, என்னென்னவோ. அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

மார்ச் 17, திங்கள்

இரண்டு பேரும் பேசவில்லை. சண்டை போட்டதால் பேசாததற்கும் போன வாரம் பேசாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 19, புதன்

மஞ்சள் கட்டடத்தின் ரிப்போர்ட்டை இன்று முடிக்க வேண்டும். எல்லாம் எழுதியாகிவிட்டது, வெந்நீர் மட்டும் பாக்கி. சிறுகுறை என்று போட்டால் முப்பது நாளில் சரிசெய்தால் போதும். பெருங்குறை என்று போட்டால் மறு உத்தரவு வரும்வரை புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. ஒரு வருடம்கூட ஆகும். ஒரு டிக்.

பேனா பெருங்குறைக்கு மேலேயே நின்றது. வெந்நீர் விஷயமாயிற்றே, கறாராக இருப்பதில் என்ன தப்பு? யார் கேட்கப்போகிறார்கள்?

மத்தியானம் மேசையிலேயே கண் அசந்துவிட்டது. கனவு. மஞ்சள் கட்டடத்தின் நடைவழியில் ஒரு பஸ் நிற்கிறது. சீட்டில் எல்லாம் வயதானவர்கள், வாய் ஓயாமல் பேசுகிறார்கள், எனக்குச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. படியில் அப்பா காக்கிச் சட்டையில். நான் கீழே மண்டியிட்டுப் படியின் உயரத்தை அளக்கிறேன். அளக்க அளக்க நாடா வந்துகொண்டே இருக்கிறது. "ஏறினா ஏறு பாப்பா, இல்லேன்னா வழியை விடு. நேரமாச்சு" என்கிறார் அப்பா, சிரித்துக்கொண்டே.

விழித்ததும் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று இல்லங்கள். நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு. மூன்றுக்கும் சிறுகுறை என்றுதான் போட்டிருக்கிறேன், என் கையெழுத்தில்.

அப்பாவை அவர் விரும்புகிற இடத்துக்குப் போகவிடாமல் இருக்க, யாரோ இருபத்தொரு பேர் வீட்டின் மேல் பொய் எழுதப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. சீ.

மார்ச் 20, வியாழன்

தலைமை ஆய்வாளரிடம் கோப்பைக் கொடுத்துவிட்டேன். "எங்கப்பா அங்க சேரணும்னு ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டார் சார். இதை நான் தொடக் கூடாது."

"இந்த விதியைப் புதுசா வர்றவங்களுக்குப் பாடம் எடுக்கிறதே நீங்கதான். நாலு நாள் லேட்டா ஞாபகம் வந்திருக்கு" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் கிண்டலை நிறுத்திக்கொண்டார். "வேற ஆளை அனுப்புறேன். போங்க, ஒரு டீ குடிங்க."

வீட்டுக்கு வந்து, மஞ்சள் கட்டடத்தில் இடம் கேட்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். சொல்லிவிட்டுப் பரண்மேல் இருக்கும் பெட்டியை எப்போது இறக்குவாய் என்று கேட்கிறார்.

ஏப்ரல் 24, வியாழன்

வேறொரு ஆய்வாளர் போய்ப் பார்த்துச் சிறுகுறை என்று எழுதினார். சரிசெய்துவிட்டார்கள். இப்போது நாற்பத்திரண்டு டிகிரி. கீழ்த்தளத்தில் ஓர் அறை காலியாகியிருக்கிறதாம். எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

மே 3, சனி

அப்பாவைக் கொண்டுபோய் விட்டேன். கட்டிலின் உயரம், ஜன்னல் கொக்கி, குளியலறைத் தரை எல்லாவற்றையும் பார்த்தேன். அழைப்பு மணியை அழுத்தி, ஆள் வர எத்தனை விநாடி என்று எண்ணினேன். ஐம்பது. ஓடிவந்த நர்ஸ் மூச்சு வாங்க என்னைப் பார்த்தாள்.

"விடு பாப்பா, பாவம் அந்தப் பொண்ணு" என்றார் அப்பா. "இன்னைக்கு நீ ஆய்வுக்கு வரல. என்னைக் கொண்டு வந்து விட வந்திருக்கே."

வாசல்வரை அழாமல் வந்துவிட்டேன். வாசலுக்கு அப்புறம் முடியவில்லை.

மே 11, ஞாயிறு

இன்று முழுக்க நான் பேசியது இரண்டே வார்த்தை. லிப்ட்டில், "மூணாவது மாடி."

ஜூன் 7, சனி

மஞ்சள் கட்டடத்துக்கு மூன்றரைக்குப் போனேன். எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான். போவேன், ஒன்றரை மணி நேரம் இருப்பேன், ஐந்து மணி பஸ்ஸைப் பிடிப்பேன்.

அப்பா கூடத்தில் சீட்டாட்டத்தில் இருந்தார். எதிரே ஓய்வுபெற்ற தையல்காரர், பக்கத்தில் ஒரு பழைய நர்ஸ் அம்மா. "யோவ், ஒளிச்சு வைக்காதய்யா, ஒம்பதைப் போடு!" என்று அப்பா கத்துகிற சத்தம் வாசலிலேயே கேட்டது. என்னைப் பார்த்ததும், "என் மூத்த பொண்ணு" என்று மேசையைச் சுற்றி அறிவித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் அப்படி உக்காரு பாப்பா. ஆட்டத்தை நடுவுல விட முடியாது" என்றார்.

சுருக்கென்றது. பொறாமைதான், வேறென்ன? என் வீட்டில் இருந்த ஒரு வருடமும் இந்த மனிதருக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. இப்போது நான் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. உள்ளுக்குள் அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. நடைவழி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்து தரையில் நீளமாகப் படுத்திருந்தது. யாரோ மெதுவாக வாக்கரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்து அறையில் ரேடியோவின் முணுமுணுப்பு. பத்தொன்பது வருடமாக இப்படிப்பட்ட நடைவழிகளில் நின்றிருக்கிறேன், ஒருமுறையும் கண்ணை மூடியதில்லை. இன்று மூடினேன்.

விழித்தபோது ஐந்து மணி பஸ் போயிருந்தது. பக்கத்து நாற்காலியில் அப்பா.

"எப்பப்பா வந்தீங்க?"

"அரை மணி நேரம் இருக்கும். எழுப்ப மனசு வரல." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் பாப்பா, வீட்டுக்குப் போனா உன்கிட்ட யாரு பேசறா?"

ஏதாவது சொல்லி மழுப்பப் பார்த்தேன். கடைசியில், "யாரும் இல்லப்பா" என்றேன்.

"அப்ப சாப்பிட்டுட்டுப் போ. ஆறு மணிக்கு மணி அடிச்சுடுவாங்க."

"அதெல்லாம் முடியாதுப்பா. வெளியாள் சாப்பிடறதா இருந்தா காலை பத்து மணிக்குள்ள சமையலறையில சொல்லணும். எல்லா இடத்துலயும் விதி அதுதான்."

"சொல்லியாச்சு."

"நான் இவ்வளவு நேரம் இருப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. இங்க வந்ததுலேருந்து எல்லாச் சனிக்கிழமையும் காலையில சொல்லி வைக்கிறேன். நீதான் அஞ்சு மணியானா கிளம்பிடுறே" என்றார் அப்பா. "எழுந்திரு. இடத்தைத் தையல்காரர் பிடிச்சுடப்போறார்."

நீளமான மேசை. எனக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் டீச்சர். "இப்ப பேசலாம், நாலு மணி எப்பவோ ஆயிடுச்சு" என்று என் தட்டைத் தன் பக்கம் இழுத்துப் பரிமாறினார் டீச்சர். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் எங்கே இருக்கிறேன், எந்த பஸ்ஸில் வருகிறேன், ஏன் இப்படி இளைத்துப்போயிருக்கிறேன் என்று எட்டுப் பேர் கேட்டார்கள். எட்டுப் பேருக்கும் பதில் சொன்னேன். சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் கம்மி. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.