பன்னிரண்டில் ஒருவர்

அன்புள்ள அம்மாவுக்கு ரோண்டா எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகமாகத்தான் இருக்கிறேன். ஊர்தான் சுகமாக இல்லை.

கடைக்காரரைக் கொன்றவனுக்கு மரண தண்டனை கிடையாது, ஆயுள்தான் என்று எங்கள் ஜூரி முடித்ததை டிவியில் பார்த்திருப்பாய். டெக்சாஸில் பன்னிரண்டு பேரில் ஒருவர் மறுத்தாலே போதும். அந்த ஒருவர் யார் என்று வெளியே சொல்வதில்லை என எல்லோரும் வாக்குக் கொடுத்துக்கொண்டோம். ஊரோ, மரண தண்டனையே இல்லாத மிச்சிகனிலிருந்து வந்த நான்தான் என்று முடிவு கட்டிவிட்டது. ஆஸ்பத்திரி வேலைக்கு வந்து ஆறு வருஷமாகியும் நான் வெளியூர்க்காரிதான். நான் சாவுக்குத்தான் கை தூக்கினேன், அம்மா!

ஞாயிறன்று சர்ச் விருந்துக்கு, நீ செய்வதுபோல் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு கொண்டுபோனேன். மற்ற பாத்திரமெல்லாம் காலி. என்னுடையதில் ஒரு கரண்டிகூட விழவில்லை. பக்கத்து வீட்டு வெர்னா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "கொலைகாரனுக்குப் பரிஞ்சவ சமைச்சத எவ திம்பா? உங்க ஊருக்கே போயிடு தாயி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுத்த அந்த ஒருவர், ஜூரியில் என்னோடு இருந்த, இப்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவள் புருஷன் லாயிட்தான்.

அவர் எழுந்து வந்து என் பாத்திரத்திலிருந்து தட்டு நிறைய அள்ளிக்கொண்டார்.

"என்னங்க, அதையா?" என்று அலறினாள் வெர்னா.

"பசிக்குதுடி" என்றார்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பு. கூடவே ஒரு சின்னப் பாத்திரமும். இனி ஒரு ஆளுக்குச் சமைக்கிற அளவு போதும்.

ரோண்டா