நீங்கள் உட்கார்ந்திருந்த இரவுகள்

கிறிஸ்துமஸ் வருகிறதே என்று நேற்று வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரச் சொல்லியிருந்தேன். நீங்கள் போன பிறகு இந்த ஐந்து வருஷமாக அடிக்கவே இல்லை. கட்டிலை நகர்த்தியதும் அந்த ஆள் சுவரைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, எண்ணெ கறையாட்டம் கீது. இதும் மேல சுண்ணாம்பு நிக்காதே" என்றார்.

போய்ப் பார்த்தேன். தலைமாட்டுச் சுவரில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. கிட்டே போனால் பழைய தேங்காயெண்ணெய் வாசனை. அது உங்கள் தலை வாசனை.

"எங்க வூட்டுக்காரரு தலை பட்டதுப்பா."

"படுத்துகினு இருந்தா இம்மா ஒசரத்துல எப்டிம்மா படும்? குந்திக்கினு இருந்தாத்தான் படும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "அத வுட்டுடுப்பா, மத்ததெல்லாம் அடி" என்று சொல்லிவிட்டுச் சமையல் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, இன்று நம் பெண்ணின் கோடு போட்ட நோட்டில் இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இன்னொரு கிறிஸ்துமஸ் கொண்டாட என்னால் முடியாது.

எமர்ஜென்சி சமயத்தில் நமக்குக் கல்யாணம். நான் வடக்குப்பட்டு உபதேசியார் மகள். மூன்று வேளையும் முழங்காலில் நின்று வளர்ந்தவள். உங்களுக்குச் சபை என்றால் கடைசி பெஞ்சு, அதிலும் வாசல் பக்கத்து ஓரம். பிரசங்கம் ஆரம்பித்தால் தூக்கம். "பையன் தங்கமானவன், தேவபயந்தான் கொஞ்சம் கம்மி" என்று என் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது அவமானமாக இருந்தது. ஜெபம் பண்ணுங்க, ஜெபம் பண்ணுங்க என்று உங்களை நச்சரித்தேன். "நீ பண்றது ரெண்டு பேருக்கும் போதும்மே" என்று சிரித்துவிட்டுப் போவீர்கள். நான் அழுவேன். எவ்வளவு அற்பமான விஷயத்துக்கெல்லாம் அழுதிருக்கிறேன்.

அப்போது நம் பக்கம் கம்பெனி ஏது. பூந்தமல்லி தாண்டிப் போய் வேலை செய்தீர்கள். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் செகண்ட் ஷிப்ட். செகண்ட் ஷிப்ட் என்றால் கம்பெனி வேன் தண்டலத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து பென்னலூருக்குச் சைக்கிள். வீடு வந்து சேரப் பன்னிரண்டரை ஆகும். நான் தூங்காமல் உட்கார்ந்திருந்து, சைக்கிள் சத்தம் கேட்டதும் குழம்பைச் சுட வைப்பேன். கருவாட்டுக் குழம்பு, கண்ணில் தண்ணீர் வருகிற காரத்தில். உங்களுக்கு அதுதான் பிடிக்கும். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டால்தான் எனக்குத் திருப்தி. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்ற கால், சாப்பிட்டுக் கை கழுவியதும் படுக்கையைத்தான் தேடும். படுத்த மறுநிமிஷம் குறட்டை. குழம்பு நன்றாக இருந்தது என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொள்வேன்.

பெண் பிறந்து மூன்றாம் மாதம். பால் கொடுக்க எழுந்தவள் பார்த்தேன். நீங்கள் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு தலை கவிழ்ந்திருந்தது. ஒரு கை நெஞ்சில். பிறகு மெல்லத் தலையைச் சுவரில் சாய்த்து முகத்தை மேலே தூக்கினீர்கள். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் உங்கள் உதடு அசைவது தெரிந்தது. கண்ணோரத்தில் ஈரம்.

வேறு யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் "இன்னாங்க, இன்னா பண்ணுது?" என்று கேட்டிருப்பாள். நான் உபதேசியார் மகள் இல்லையா, கேட்கவில்லை. கர்த்தர் உங்களைத் தொட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஜெபத்தைக் கலைக்கக் கூடாது என்று, குழந்தையை அணைத்துக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூட வராமல் படுத்திருந்தேன். சந்தோஷத்தில் தலையணை நனைந்துவிட்டது.

மறுநாளே அப்பாவிடம் ஓடினேன். அப்பா போதகரிடம் ஓடினார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் போதகர், "நம்ம சபையில ஒரு சகோதரர் இருக்கார். எட்டு மணி நேரம் மெஷின்ல நின்னுட்டு வந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பிக் கண்ணீரோட ஜெபிக்கிறார்" என்றார். சபை மொத்தமும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை அப்போது தாழ்மை என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நீங்கள் ஆரம்பித்தீர்கள். "இந்தா, உன்னாண்ட ஒன்னு சொல்லணும். அது வந்து, ஜெபம்லாம் இல்ல..."

நான் கையை நீட்டி உங்கள் வாயைப் பொத்தினேன், நடுத்தெருவில். "சொல்லாதீங்க. ஜெபத்தப் பத்தி வெளியில பேசினா பலன் போயிடும்னு எங்கப்பா சொல்லுவாரு." அப்புறம் தாங்க முடியாமல் சிரித்தேன்.

நீங்கள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தீர்கள். "கல்யாணம் ஆனதுலேந்து நீ இப்டி சிரிச்சு நான் பாத்ததில்லமே" என்றீர்கள். அவ்வளவுதான். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டீர்கள்.

அதோடு நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல், "அண்ணே, ராத்திரி ஜெபத்துல என் மவள நெனச்சுக்க", "தம்பி, என் மூட்டு வலிக்கு வேண்டிக்க" என்று வருவார்கள். நீங்கள் தலையை ஆட்டுவீர்கள். ஒரு நெஞ்செரிச்சலை வைத்துக்கொண்டு மனுஷன் எத்தனை பேருக்குத் தலையாட்ட வேண்டியிருந்தது. இதை நினைத்து ஒரே ஒரு நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையாகிவிட்டது.

அதன் பிறகு நான் எழுந்துவிடக் கூடாது என்று கட்டில் முனகாமல் எழ நீங்கள் பழகிக்கொண்டீர்கள். உங்களுக்குத் தெரியக் கூடாது என்று கண்ணை மூடி மூச்சைச் சீராக விட நான் பழகிக்கொண்டேன். செகண்ட் ஷிப்ட் வாரங்களில் தினமும். போகப் போகக் காலை ஷிப்ட் வாரங்களிலும். ஒரு கை நீளத்தில் படுத்துக்கொண்டு ஆறு வருஷம்.

எனக்குக் கண் இல்லாமல் போயிற்றா? எல்லாம் கண் எதிரேதான் நடந்தது. ராத்திரிக்குக் குழம்பு வேண்டாம், மோர் சோறு போதும் என்றீர்கள். சில நாள் அதுவும் வேண்டாம் என்றீர்கள். உபவாசம் என்று நானே முடிவு செய்து, பெண்கள் ஐக்கியத்தில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். உபவாசம் இல்லாத நாளில் "ஒரு வாய்ங்க, எனக்காக" என்று குழம்பை ஊற்றுவேன். எனக்காகச் சாப்பிடுவீர்கள். டப்பாவில் வைத்த ஆப்பச் சோடா குறைந்துகொண்டே போனது. எதிர்வீட்டுக்காரி கேட்காமல் எடுக்கிறாள் என்று அவளோடு ஒரு மாசம் பேசாமல் இருந்தேன்.

ஒரு நாள் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தீர்கள்.

"இன்னாத்துக்குங்க இது?"

"கரையான் ஏறுது."

"தலைமாட்டுக் காலுக்கு மட்டுமா ஏறுது?"

"அதுக்கு அங்கதான் புடிச்சிருக்கு போல."

அந்த வாரம் நீங்கள் கொஞ்சம் தூங்கினீர்கள். ஜெபம் குறைகிறதே என்று எனக்குக் கவலை, அதையும் எழுதிவிடுகிறேன். கட்டில் சரிந்திருந்ததால் குழந்தை கால்மாட்டுக்கு உருண்டு உருண்டு வந்தாள். பத்தாம் நாள் செங்கல்லை நானே உருவி எடுத்துத் துணி துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுத்தேன். ராத்திரி வந்து பார்த்தீர்கள். மறுபடியும் சுவரோரம் உட்கார்ந்துகொண்டீர்கள்.

அப்புறம் சோறு தொண்டைக்குக் கீழே அடைக்க ஆரம்பித்தது. தண்ணீர் குடித்துக் குடித்துத் தள்ளினீர்கள். இடுப்பில் பேண்ட் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டீர்கள். அதன் பிறகுதான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி. குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு டாக்டர் அம்மா என்னையும் உங்களையும் எதிரே உட்கார வைத்தார்கள்.

"எவ்வளவு நாளா இவருக்கு நெஞ்செரிச்சல்?"

"அவருக்கு அதெல்லாம் ஒன்னும் கெடையாதுங்க" என்று நான் முந்திக்கொண்டேன்.

நீங்கள் என் பக்கம் பார்க்காமல் ஒரு கையில் ஐந்து விரலும் இன்னொரு கையில் ஒரு விரலும் காட்டினீர்கள்.

"ஆறு மாசமா?"

"வருஷம்" என்றீர்கள்.

"ராத்திரியில புளிச்ச தண்ணி மேல வந்து, படுக்க முடியாம எழுந்து உட்காருவீங்களா?"

"ஜெபம் பண்ணுவாருங்க" என்றேன். வாயிலிருந்து வார்த்தை விழுந்த பிறகுதான் எனக்கே காதில் கேட்டது. டாக்டர் அம்மா உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். தப்புச் செய்து பிடிபட்டவர் நீங்கள் என்பது மாதிரி.

"தலைப் பக்கம் உயர்த்தி வெச்சுப் படுத்துப் பார்த்தீங்களா?"

"வெச்சுப் பாத்தேங்க. கட்டிலுக்கு அது சரிப்பட்டு வரல" என்றீர்கள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த அம்மா சீட்டில் எழுதிக்கொண்டே, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்" என்றார்கள். யாரையும் குறை சொல்லும் குரலில் இல்லை.

உணவுக் குழாயில் புற்று. நான்கு மாசம் இருந்தீர்கள்.

கல்லறையில் சபையார் 'ஜெப வீரர்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பேன்.

இப்போது எனக்கும் வருகிறது. நேரம் கெட்டுச் சாப்பிட்டால் நடுராத்திரியில் நெஞ்சுக்குழியிலிருந்து புளித்த தண்ணீர் ஏறித் தொண்டையைச் சுட்டுவிட்டுப் போகிறது. முதல் தடவை வந்தபோது எழுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கை தானாக நெஞ்சுக்குப் போனது. எச்சில் விழுங்கினால் எரிச்சல் கொஞ்சம் அடங்குகிறது. விழுங்க விழுங்க உதடு அசைகிறது. இதைத்தானே அன்றைக்குப் பார்த்தேன். பக்கத்தில் படுத்திருந்த நம் பெண் பாதிக் கண்ணைத் திறந்து, "இன்னாம்மா பண்ணுது?" என்றாள். அப்போது பத்து வயசு அவளுக்கு. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். பயந்துபோய் முதுகைத் தடவினாள். உங்கள் முதுகை ஒரு ராத்திரிகூட யாரும் தடவவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம். குரல் போய்க் காற்று மட்டும்தான் உங்களிடம் இருந்தது. காதை வாயருகே கொண்டுவரச் சொன்னீர்கள். என்னைத் திட்டப்போகிறீர்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"உன்ன ஏமாத்திட்டேன்மே" என்றீர்கள். "ஊரே நம்பிச்சு. நீ சந்தோசமா இருந்த. அதக் கெடுக்க மனசு வரல."

"பேசாதீங்க. வலிக்கும்."

"ஜெபமே பண்ணலன்னு நெனச்சிடாத. ஒன்னே ஒன்னு டெய்லி வேண்டிக்கினேன். நீ முழிச்சிக்கக் கூடாதுன்னு. காலைல எழுந்து தண்ணிக்கு அலையணும், கொழந்தையப் பாக்கணும். நீயாவது தூங்கணும்னுதான் கேட்டுக்கினேன்." மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "மொத நாளு தவுத்து, மத்த நாளெல்லாம் நல்லாத் தூங்கின இல்ல?" என்றீர்கள்.

உங்கள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. அந்த ஒரு வேண்டுதலாவது பலித்ததா என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை அதில்.

"தூங்கினேங்க. நல்லாத் தூங்கினேன்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அப்புறம் நாம் பேசவில்லை.

ஐந்து வருஷமாக அதைச் சுமந்துகொண்டுதான் சமைக்கிறேன், சபைக்குப் போகிறேன், வருகிறேன். இனியும் சுமப்பேன், எழுதிவிட்டால் இறங்கிவிடும் என்று ஒன்றும் இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் தூங்கவில்லைங்க. எல்லா ராத்திரியும் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டேதான் படுத்திருந்தேன்.