கொட்டகைக்குப் பின்னால் முளைத்த குப்பைமேனி

எண்ணெய்ப் பிசுக்குக் கையாலேயே என் தலையில் குட்டும் அண்ணனுக்கு,

நீ போனபிறகு உன்னிடம் சொல்ல வேண்டியது எவ்வளவோ சேர்ந்துவிட்டது. இன்று உன் செடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லேத் கொட்டகையின் பின்சுவரோரம் மண்டிக் கிடக்குமே, அந்தக் குப்பைமேனி. இரும்புச் சீவல் கையைக் கிழித்தால் நாலு இலையைக் கசக்கி வைத்துக்கொண்டு மறுபடி மெஷினிடம் போய்விடுவாய். "இன்னா காயமா இருந்தாலும் சீழ் வெக்காதுடி. உன் படிப்புல இத்த டெஸ்ட் பண்ணிக் காட்டேன் பாப்போம்" என்று என்னைச் சீண்டுவாய்.

காட்டினேன், அண்ணா. தண்டலத்துக் கல்லூரியில் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்டே அதுதான். இலையைக் கழுவி உலர்த்தி, சாறு எடுத்து, சீழ் பிடிக்கவைக்கும் கிருமியைப் பரப்பிய கண்ணாடித் தட்டில் வைத்தேன். மறுநாள் நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல் சாற்றைச் சுற்றி ஒரு வளையம். அதற்குள் ஒரு கிருமியும் வளரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே போட்டோ எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன்.

"உங்க அண்ணன் சொன்னது பொய்யாவுல, பாத்தியா" என்று அண்ணி போனிலேயே அழுதார்.

என் மேடம் மட்டும் சிரிக்கவில்லை. வேறு இடத்துச் செடியிலும் செய்து பார் என்றார். குன்றத்தூர் மலையடிவாரத்தில் பறித்துவந்தேன், வளையம் வரவில்லை. கல்லூரி வேலியோரத்துச் செடியிலும் வரவில்லை. உன் செடிக்கு மட்டும் அப்படி என்ன வரம்?

மறுபடி உன் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றபோதுதான் சுவரோரம் தேங்கிய வெள்ளைத் தண்ணீரைக் கவனித்தேன். லேத்தில் இரும்பு கடையும்போது சூடு தணிய ஊற்றுவாயே, பால்போல் வெள்ளையாகக் கூலண்ட்? பழசானதும் அங்கேதானே வாளி வாளியாகக் கொட்டுவாய்? அது நாறிப்போகாமல் இருக்கக் கிருமிக்கொல்லி கலந்துதான் விற்கிறார்கள். அதுவே வேர் வழியாக இலைக்குள் ஏறியிருந்தால்? அந்தச் சுவரோரத் தண்ணீரையே ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் வைத்தேன். நிச்சயமாகத் தெரியாமல் அண்ணியிடம் வாயைத் திறக்க மனம் வரவில்லை. அத்தனை நாள் கழித்து அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

காலையில் தட்டை எடுத்தால் முன்பைவிடப் பெரிய வளையம். அது கையில் இருக்கும்போதே அண்ணியின் போன்.

"பாப்பாவுக்கு நெஞ்சு பூரா சளி கட்டிக்கினு கீதுடி. உங்க அண்ணன் செடியத்தான் அரைச்சி ஒரு ஸ்பூனு குடுத்தேன். இன்னொன்னு குடுக்கட்டா?"

"வேணாம் அண்ணி! உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுங்க. அதுல கூலண்ட் கலந்துகீது!"

"இன்னாடி சொல்ற? நீதானே டெஸ்ட் பண்ணி நல்லதுன்ன?"

ஆட்டோவில் பறந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. இருங்காட்டுக்கோட்டை திருப்பத்தில் கார்களை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகிடந்தன. அண்ணி போனை எடுக்கவில்லை. உன் மகளை நான் அனுப்பிய ஒரு போட்டோவாலேயே இழந்துவிடுவோமோ என்று நடுங்கினேன். அதற்கு மேல் எதையும் நினைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பாப்பா அண்ணியின் தோளில் துவண்டு கிடந்தாள். அண்ணியின் புடவை முழுக்கப் பச்சையாக வாந்தி. சாறு உள்ளே போன வேகத்தில் அத்தனையையும் கக்கிவிட்டாளாம். குப்பைமேனிச் சாறு பிள்ளைகளுக்கு வாந்தி வரவைக்கும், சளியை வெளியேற்ற அதற்காகவே கொடுப்பவர்களும் உண்டு. கிருமியைக் கொல்லாத உன் செடிதான் உன் மகளைக் காப்பாற்றியது என்று நான் நினைத்துக்கொள்கிறேன். டாக்டர் சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் கேட்டு அடம் பிடித்தாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அவள் தூங்கியபிறகு அண்ணி மெல்லக் கேட்டார். "அப்போ உங்க அண்ணன் நெஞ்சு? பொழுதன்னிக்கும் அந்தக் கூலண்ட் பொகையத்தானே இழுத்துக்கினு கெடந்தாரு?"

நீயும் இருமி இருமித்தானே போனாய், அண்ணா? டாக்டர்கள் ஏதோ பெயர் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. இதை நான் எந்தத் தட்டில் வைத்துப் பார்ப்பேன்?

அண்ணி செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டார். பழைய கூலண்டுக்கு மூடி போட்ட டிரம் வந்திருக்கிறது. லேத்தை இப்போது ஓட்டும் கணேசன் முகமூடி இல்லாமல் நின்றால் அண்ணி சுவிட்சை அணைத்துவிடுகிறார். அவன் முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டுக்கொள்கிறான்.

உன் செடியின் விதையை மட்டும் நான் எடுத்துவைத்திருக்கிறேன். நல்ல மண்ணில் போட்டு மறுபடி சோதிப்பேன். வளையம் வராவிட்டால் வரவில்லை என்றே எழுதுவேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி. அண்ணி கேட்டதற்கும் பதில் தேடுவேன். அதுவரை எவ்வளவு நல்ல சேதியானாலும், இன்னொரு முறை சரிபார்க்காமல் உன் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன். இது சத்தியம்.

உன் மகளுக்கு இருக்கும் ஒரே அத்தை,
சுமதி